காதுக்குப் பின்னாலா, காது வழியாகவா, காதுக்கு மேலாகவா? செவிநரம்புக் கட்டியை எடுக்க எந்த வழி

போன வருஷம் ஒரு தையற்கார அம்மா மகனோடு என் அறைக்கு வந்தார். கையில் ஸ்கேன் ஃபிலிம் உறை, அதற்குள் மூன்று டாக்டர்களின் சீட்டு. ஒருவர் காதுக்குப் பின்னால் மண்டையோட்டைத் திறந்து கட்டியை எடுக்கலாம் என்று எழுதியிருந்தார். இன்னொருவர் காது எலும்பைக் குடைந்து அதன் வழியாகப் போவதே நல்லது என்றிருந்தார். மூன்றாமவர் கத்தியே வேண்டாம், கதிர் போதும் என்றிருந்தார். "மூணு பேருமே பெரிய டாக்டருங்க. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. யாரை நம்புறது மேடம்?" என்று மகன் கேட்டார்.

மூவரையுமே நம்பலாம். மூவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான்.

நான் அறுவை செய்பவள் இல்லை. கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட். இந்தக் கட்டிக்காரர்களை ஆபரேஷனுக்கு முன்னால் ஒருமுறை பார்ப்பேன், பிறகு மாதக்கணக்கில் பார்ப்பேன். எதைக் காப்பாற்றப் போனோம், எது போனது என்று அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு பேசுவதெல்லாம் என் காதில்தான் விழுகிறது. அந்த இடத்திலிருந்து இதை எழுதுகிறேன். முடிவை உங்கள் நியூரோசர்ஜனும் இஎன்டி டாக்டரும் உங்களோடு உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். அவர்கள் முன்னால் உட்காரும்போது என்ன கேட்பது என்று தெரிந்திருக்கட்டும்.

## கட்டி எங்கே இருக்கிறது

மூளை உட்கார்ந்திருக்கும் எலும்புத் தளம்தான் மண்டையோட்டின் அடித்தளம். நரம்பும் ரத்தக்குழாயும் உள்ளே வெளியே போகும் துளைகள் அதில் நிறைய. அங்கே வரும் கட்டிகளில் பிட்யூட்டரி போன்ற சிலவற்றுக்கு இப்போது பெரும்பாலும் மூக்கு வழியே போய்விடுகிறார்கள். வழியைப் பற்றி அதிக விவாதம் இல்லை. எந்த வழி என்ற கேள்வி குடும்பங்களைத் தூங்கவிடாமல் செய்வது வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்ற இந்தச் செவிநரம்புக் கட்டியில்தான். பழைய பெயர் அக்கூஸ்டிக் நியூரோமா.

உள்காதிலிருந்து மூளைத்தண்டுக்குப் போகும் நரம்புகள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள எலும்புக் கால்வாய்க்குள் ஓடுகின்றன. ஒரே பைப்பில் நாலு ஒயர் இழுத்த மாதிரி: கேட்பதற்கு ஒன்று, நிலை தடுமாறாமல் இருப்பதற்கு இரண்டு, முகத்தை அசைப்பதற்கு ஒன்று. சமநிலை நரம்பின் உறையில் இருக்கும் ஷ்வான் செல்கள் பெருகித்தான் இந்தக் கட்டி உண்டாகிறது. இது புற்றுநோய் இல்லை, உடம்பில் வேறெங்கும் பரவாது. வளர்ந்தாலும் சராசரியாக வருஷத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். பல கட்டிகள் வருஷக்கணக்கில் அசையாமலே கிடக்கும். ஆனால் பைப் சின்னது. பக்கத்து ஒயர் நசுங்குகிறது. கால்வாயை விட்டு வெளியே வந்து வளர்ந்தால் சிறுமூளையையும் மூளைத்தண்டையும் தள்ளுகிறது.

முதலில் போவது பெரும்பாலும் சொற்கள். "சத்தம் கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல" என்று ஒரு காதைப் பற்றி மட்டும் யாராவது சொன்னால் எனக்கு உடனே எம்.ஆர்.ஐ. ஞாபகம்தான் வரும். நம் பக்கத்தில் இதை வயசு என்றும் அழுக்கு என்றும் விட்டுவிடுகிறார்கள். போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டு நாலு வருஷம் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் சின்னக் கட்டி பெரிய கட்டியாகி, தேர்ந்தெடுக்க இருந்த வழிகளில் பாதி அடைபட்டுவிடுகிறது.

## எதை வைத்து எடை போடுவது

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் உங்கள் கட்டியைப் பற்றியும் உங்களைப் பற்றியும் சில விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்.

அளவு. கட்டி கால்வாய்க்குள்ளேயே இருக்கிறதா, வெளியே எட்டிப் பார்க்கிறதா, மூளைத்தண்டைத் தொடுகிறதா, அதை நசுக்குகிறதா. மூன்று சென்டிமீட்டரைத் தாண்டி மூளைத்தண்டை அழுத்தினால் பேச்சு வேறு. கால்வாயின் ஆழ்முனை வரை கட்டி நிரம்பியிருக்கிறதா என்றும் கேளுங்கள். காதைக் காப்பாற்றும் வாய்ப்பு பெரும்பாலும் அந்தக் கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டரில் இருக்கிறது.

பயன்படுகிற காது மிச்சம் இருக்கிறதா. கேட்கிற காது வேறு, பயன்படுகிற காது வேறு. 50 டெசிபலுக்குள் சத்தம் கேட்க வேண்டும், நூற்றுக்கு 50 சொல்லாவது புரிய வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். அந்தத் தையற்கார அம்மாவுக்கு நல்ல காதில் இரைச்சலைப் போட்டு மூடிவிட்டு, கட்டி இருந்த இடது காதில் 25 சொல் சொன்னேன். வண்டி என்றேன், பண்டி என்றார். பல்லி என்றேன், பேசாமல் என் முகத்தைப் பார்த்தார். 25-இல் 6 தான் சரி. அவருக்குச் சத்தம் வந்துகொண்டிருந்தது, பேச்சு வரவில்லை. "அந்தக் காதுல கொஞ்சம் கேக்குதே, அதை எப்படி விடுறது?" என்று மகன் கேட்டது நியாயமான பாசம். ஆனால் அந்தக் கொஞ்சத்தை வைத்து அவரால் ஒரு போன் பேச முடியாது.

முக நரம்பு. என் கணக்கில் இதுதான் முதல் இடம். காது ஒன்று போனால் மற்றது இருக்கிறது. முகத்தின் ஒரு பக்கம் போனால் கண் மூடாது, சோறு வாயோரம் ஒழுகும், சிரிக்கும்போது முகம் கோணும். முக அசைவை 1985 முதல் ஹவுஸ்-பிராக்மன் அளவுகோலில் 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 என்றால் இயல்பு, 6 என்றால் அசைவே இல்லை. நோயாளிக்கு முக்கியமான கோடு 3-க்கும் 4-க்கும் நடுவில் இருக்கிறது: 3-இல் முயன்றால் கண் முழுசாக மூடும், 4-இல் மூடாது.

மறு காது, வயது, தொழில். கட்டி இருக்கும் காதே கேட்கிற ஒரே காது என்றால் கணக்கு தலைகீழ். என்எஃப்2 என்ற மரபணுக் கோளாறில் இரண்டு பக்கமும் கட்டி வரும்; அது தனிக் கட்டுரைக்கான விஷயம், இங்கே சொல்வது அவர்களுக்கு அப்படியே பொருந்தாது.

அறுவை செய்யும் கை. வழியை விட இது பெரிது. கீழே திரும்ப வருகிறேன்.

## திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது

மூன்று வழிகளுக்கு முன்னால் இதைக் கேட்டாக வேண்டும்: இப்போதே எடுக்கத்தான் வேண்டுமா? கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் வீடே "எடுத்துடுங்க" என்று நிற்கிறது. சின்னக் கட்டிக்கு ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன், பிறகு வருஷத்துக்கு ஒன்று என்று கவனிப்பது அலட்சியம் ஆகாது, அதுவும் ஒரு சிகிச்சை முறைதான்.

இதற்கு நல்ல ஆதாரம் நார்வேயின் பெர்கன் நகரிலிருந்து வந்தது. இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட 100 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு உடனே காமா நைஃப் என்ற கதிர் சிகிச்சை கொடுத்தார்கள், பாதிப் பேரைக் கவனித்து மட்டும் வந்தார்கள். முடிவு 2023-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. நாலு வருஷத்தில், கவனிப்பில் இருந்த 50 பேரில் 21 பேருக்குக் கட்டி வளர்ந்ததால் கதிர் கொடுக்க வேண்டி வந்தது; 28 பேருக்கு எதுவுமே தேவைப்படவில்லை. உடனே கதிர் வாங்கியவர்களுக்குக் கட்டி அதிகமாகச் சுருங்கியது நிஜம். ஆனால் கேட்கும் திறனிலோ வாழ்க்கைத் தரத்திலோ இரு குழுவுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

இதற்கும் விலை உண்டு. கட்டி வளராவிட்டாலும் கேட்கும் திறன் மெல்லக் கரையலாம். வருஷா வருஷம் எம்.ஆர்.ஐ. செலவு, அதற்கு முந்தைய வாரம் முழுக்கப் பயம். அதைவிட ஆபத்து, இரண்டு வருஷம் ஒழுங்காக வந்துவிட்டு மூன்றாவது வருஷம் வராமல் போவது. தொடர்ந்து வர முடியாத தூரத்தில் இருப்பவருக்கு இதை நான் தயங்கித்தான் சொல்வேன். கட்டி சின்னது, வயது அதிகம், தொந்தரவு குறைவு என்றால் இதுவே முதல் தேர்வு.

## காதுக்குப் பின்னால்: ரெட்ரோசிக்மாய்டு

காதுமடலுக்குப் பின்னால், சிக்மாய்டு சைனஸ் என்ற பெரிய ரத்தநாளத்துக்குப் பின்புறம் எலும்பில் சின்ன ஜன்னல் திறக்கிறார்கள். மூளைநீரை வடித்துவிட்டால் சிறுமூளை தானாகவே கொஞ்சம் ஒதுங்கிக் கொடுக்கும். அந்த இடைவெளியில் மைக்ராஸ்கோப்போடு போய், கட்டியை உள்ளிருந்து குடைந்து சுருக்கி, பிறகு அதன் தோலை நரம்பிலிருந்து உரிக்கிறார்கள். கால்வாய்க்குள் இருக்கும் பகுதிக்கு அதன் பின்சுவரை டிரில் பண்ணித் திறக்க வேண்டும்.

நியூரோசர்ஜன்களுக்கு மிகவும் பழகிய வழி இது. எந்த அளவுக் கட்டிக்கும் போகலாம், மூளைத்தண்டு முழுசாகக் கண்ணுக்குத் தெரியும், உள்காதைத் தொடாமல் போவதால் கேட்கும் திறனைக் காப்பாற்றும் வாய்ப்பும் உண்டு. கட்டி பெரும்பாலும் முக நரம்பை முன்பக்கம் தள்ளி வைத்திருக்கும் என்பதால், பின்னாலிருந்து வருபவரின் கையில் முதலில் கட்டி தட்டுப்படும், நரம்பு பிறகுதான்.

குறை என்னவென்றால், கால்வாயின் ஆழ்முனை இங்கிருந்து நேராகத் தெரியாது. அதிகம் டிரில் செய்தால் உள்காது உடையும், குறைவாகச் செய்தால் கட்டி மிச்சம் இருக்கும். எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டு மூலையைப் பார்ப்பது இதற்கு ஓரளவு கைகொடுக்கிறது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விலை தலைவலி. மூன்று வழிகளிலும் நீண்ட நாள் தலைவலி அதிகம் வருவது இதில்தான். எலும்புத்தூள் மூளைநீரில் கலப்பது, கழுத்துத் தசை மூளை உறையோடு ஒட்டிக்கொள்வது என்று காரணங்கள் சொல்கிறார்கள். எடுத்த எலும்பைத் திரும்ப வைத்து மூடினால் இது குறைகிறது. "மூடும்போது எலும்பை வைப்பீங்களா, வேற எதையாவது வச்சு அடைப்பீங்களா?" என்று ஆபரேஷனுக்கு முன்னால் கேட்பதில் தப்பே இல்லை.

காதைக் காப்பாற்றும் வாய்ப்பு என்ற சொல்லையும் நிதானமாகக் கேளுங்கள். கட்டி ஒன்றரை சென்டிமீட்டருக்குள், கேட்கும் திறன் நன்றாக, ஆழ்முனை காலியாக இருந்தால் அந்த வாய்ப்பு உண்மையானது. இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் கட்டியில் அது பெரும்பாலும் ஆறுதல் வார்த்தை.

## காது வழியாக: டிரான்ஸ்லாபிரிந்தைன்

இந்தப் பெயரைக் கேட்டதும் குடும்பங்கள் பின்வாங்குகின்றன. காரணம் நேரடியானது: காதுக்குப் பின்னால் இருக்கும் மாஸ்டாய்டு எலும்பைக் குடைந்து, சமநிலைக்கான மூன்று அரைவட்டக் குழாய்களையும் டிரில் பண்ணி எடுத்துவிட்டு, அந்த வழியே கால்வாய்க்குள் நுழைகிறார்கள். அந்தக் காதில் கேட்கும் திறன் முழுசாகப் போய்விடும். அதில் பேரம் இல்லை.

அதற்குப் பதிலாகக் கிடைப்பதைப் பாருங்கள். கால்வாயின் ஆழ்முனை முழுசாகத் திறந்து கிடக்கும். அங்கே முக நரம்பு கட்டியால் நசுங்காமல் இயல்பான உருவத்தில் இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு மெல்லிய எலும்புத் தடுப்பு வழிகாட்டியாக நிற்கும். அந்தத் தடுப்புக்கு பில்ஸ் பார் என்று பெயர். பில் என்பவர் வில்லியம் ஹவுஸ், லாஸ் ஏஞ்சலஸ் காது அறுவை நிபுணர், 1960-களில் ஆபரேஷன் மைக்ராஸ்கோப்போடு இந்த வழிக்கு மறுவாழ்வு கொடுத்தவர். நரம்பை முதலில் கண்டுபிடித்து, அதைப் பிடித்துக்கொண்டே கட்டி பக்கம் நகரலாம். பெரிய கட்டியில் முக நரம்பு நனைந்த ரிப்பன் மாதிரி விரிந்து, கட்டியின் தோலோடு ஒட்டி, நிறத்தைக் கொண்டு பிரித்தறிய முடியாமல் கிடக்கும். இந்தப் பக்கம் அதன் தொடக்கம் எங்கே என்று தெரிந்திருப்பது அப்போது பெரிய பலம். சிறுமூளையை ஒதுக்க வேண்டிய தேவையும் அநேகமாக இல்லை, தலைவலியும் குறைவு.

செலவுகளும் உண்டு. குடைந்த பள்ளத்தை அடைக்க வயிற்றிலிருந்து கொழுப்பு எடுப்பார்கள். வயிற்றில் ஒரு தையல் இருப்பதைப் பார்த்து வீட்டுக்காரர்கள் பதறுவதுண்டு, முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். கட்டியைத் தொடுவதற்கு முன் எலும்பைக் குடையவே மணிக்கணக்கில் ஆகும். நாள்பட்டுச் சீழ் வடியும் காது, ஓட்டையான செவிப்பறை இருந்தால் இந்த வழி ஆகாது. கிருமி மூளை உறைக்குப் போய்விடும். முதலில் காதைச் சரிசெய்ய வேண்டும் அல்லது வேறு வழி பார்க்க வேண்டும். நம் ஊரில் சின்ன வயசிலிருந்து காது வடிந்தவர்கள் ஏராளம், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். நல்ல காது என்று மிச்சம் இருப்பது அந்தப் பக்கம்தான் என்றாலும் இதைத் தொடக் கூடாது.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். சொற்கள் ஏற்கெனவே போய்விட்ட காதுக்காக இந்த வழியை ஒதுக்குவது, பூட்டிக் கிடக்கும் அறைக்கு வாடகை கட்டுவது போல. அந்த வாடகையை முகம் கட்டுகிறது.

## காதுக்கு மேலாக: மிடில் ஃபோசா

காதுக்கு மேலே எலும்பைத் திறந்து, மூளையின் பொட்டுப் பகுதியை உறையோடு மெல்லத் தூக்கி, கால்வாயின் கூரையை நீக்கிப் பார்க்கும் வழி. இதையும் 1961-இல் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஹவுஸ்தான். கால்வாய்க்குள்ளேயே இருக்கும் அல்லது கொஞ்சமே வெளியே வந்த சின்னக் கட்டிக்கு மட்டும் ஏற்றது. நல்ல காதைக் காப்பாற்றுவதில் தேர்ந்த கைகளில் மூன்றிலும் இதுவே முந்தி நிற்கிறது, அதுவும் ஆழ்முனையில் கட்டி இருந்தால்.

ஆனால் மேலிருந்து வரும்போது முக நரம்புதான் முதலில் குறுக்கே கிடக்கும், கட்டி அதற்குக் கீழே. நரம்பைச் சுற்றிச் சுற்றி வேலை செய்ய வேண்டும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு மூளை உறை மெலிந்து எலும்போடு ஒட்டிக் கிழியும் என்பதால் தவிர்க்கிறார்கள். வலிப்பு வரும் ஆபத்தும் சிறிதளவு உண்டு. இதை அடிக்கடி செய்யும் குழுக்கள் குறைவு. இளம் வயது, சின்ன ஆனால் வளர்கிற கட்டி, நன்றாகக் கேட்கும் காது, பழகிய குழு என்று நாலும் சேர்ந்தால் மட்டும் யோசியுங்கள்.

## கத்தியில்லாமல்: காமா நைஃப்

ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் உருவாக்கிய கருவி; 1960-களின் கடைசியில் பயன்பாட்டுக்கு வந்தது. தலையில் நாலு திருகால் ஒரு சட்டத்தைப் பொருத்தி, கோபால்ட் கதிர்களைப் பல திசையிலிருந்து கட்டியில் மட்டும் குவிக்கிறார்கள். கட்டியின் விளிம்புக்கு வழக்கமாக 12, 13 கிரே (கதிரை அளக்கும் அலகு). அன்றோ மறுநாளோ வீடு.

பேரைக் கேட்டு ஏமாற வேண்டாம், இதில் கட்டி வெளியே எடுக்கப்படுவதில்லை. வளர்ச்சியை நிறுத்துவதுதான் நோக்கம், அது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நிறைவேறுகிறது. முக நரம்புக்கு ஆபத்து மிகக் குறைவு. மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போனால், மூளைத்தண்டு நசுங்கியிருந்தால் இது ஆகாது. ஏனென்றால் கதிர் பட்ட கட்டி முதல் ஒன்றரை வருஷத்தில் தற்காலிகமாக வீங்கலாம், அங்கே வீங்க இடம் இல்லை.

மறைந்திருக்கும் விலைகள் இரண்டு. அன்று காப்பாற்றப்பட்டதாகச் சொல்லப்பட்ட காது அடுத்தடுத்த வருஷங்களில் மெல்ல இறங்குவதை என் ஆடியோகிராம்களில், அதாவது கேட்கும் திறனைச் சோதித்து வரையும் படங்களில், பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அடுத்தது, கதிருக்குப் பிறகும் கட்டி வளர்ந்து ஆபரேஷன் செய்ய நேர்ந்தால், நரம்போடு ஒட்டியிருக்கும் கட்டியைப் பிரிப்பது முன்பைவிடச் சிரமம். அப்படி நேர்வது சிலருக்குத்தான் என்றாலும், 35 வயதில் முடிவெடுப்பவரும் 70 வயதில் முடிவெடுப்பவரும் இதை ஒரே மாதிரி எடை போட முடியாது.

## ஒரே பார்வையில்

| | பின்னால் | காது வழி | மேலாக | காமா நைஃப் |
|---|---|---|---|---|
| ஏற்ற அளவு | எல்லா அளவும் | எல்லா அளவும் | மிகச் சிறியது | 3 செ.மீ.க்குள் |
| கேட்கும் திறன் | சிறிய கட்டியில் வாய்ப்பு | முழுசாகப் போகும் | நல்ல வாய்ப்பு | வருஷங்களில் குறையும் |
| முக நரம்பு | கட்டிக்கு அப்பால் | ஆழ்முனையிலேயே கண்டுபிடிக்கலாம் | வழியில் குறுக்கே | ஆபத்து மிகக் குறைவு |
| நீண்ட நாள் தலைவலி | அதிகம் | குறைவு | நடுத்தரம் | அரிது |
| கூடாத நிலை | ஆழ்முனையில் கட்டி, காது காக்க வேண்டும் | சீழ் காது, ஒரே காது | முதிய வயது, பெரிய கட்டி | நசுங்கிய மூளைத்தண்டு |

## பில்லில் வராத செலவு

மூன்று அறுவைகளிலும் மூளைநீர் கசியலாம். தண்ணீர் மாதிரி மூக்கில் ஒழுகும், குனிந்தால் அதிகமாகும். நடுக்காதிலிருந்து மூக்குக்குப் போகும் குழாய் வழியே அது வருகிறது என்று தெரியாமல், ஜலதோஷம் என்று வீட்டில் மிளகுக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் ஆனவருக்கு ஒரு மூக்கில் மட்டும் தெளிந்த நீர் ஒழுகினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இடுப்பில் குழாய் வைத்து நாலைந்து நாள் படுக்க வைக்கலாம், மறுபடி திறந்து அடைக்கவும் நேரலாம். விட்டால் மூளைக்காய்ச்சல்.

கண்ணைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். முகம் வலுவிழந்தால் பகலில் மணிக்கொரு தரம் செயற்கைக் கண்ணீர், ராத்திரி களிம்பு, பிறகு இமையை மெல்ல இறக்கி டேப் ஒட்டுவது. பஞ்சோ துணியோ கருவிழியில் உரசக் கூடாது. பெரிய கட்டியில் முகத்தின் உணர்ச்சி நரம்பும் மரத்திருக்கலாம். அப்போது கண்ணில் தூசி விழுந்தாலும் உறுத்தாது, கண் சிவந்திருப்பதை வீட்டில் ஒருவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவருக்குக் கண் டாக்டரை ஆபரேஷனுக்கு முன்பே அறிமுகம் செய்துவிடச் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது நன்றாக இருந்த முகம் சில நாள் கழித்துக் கோணுவதும் உண்டு. பயந்துவிடாதீர்கள், அப்படித் தாமதமாக வருவது பெரும்பாலும் நன்றாகத் திரும்பிவிடுகிறது.

தலைச்சுற்றல் விஷயத்தில் ஒரு வினோதம்: சின்னக் கட்டிக்காரர்களே அதிகம் தவிப்பார்கள். பெரிய கட்டி சமநிலை நரம்பை முன்பே கொன்றிருக்கும், மூளை அதற்குப் பழகியிருக்கும். சின்னக் கட்டியில் நேற்று வரை வேலை செய்த நரம்பு இன்று திடீரென்று இல்லை. படுத்தே இருந்தால் மூளை பழகாது, எழுந்து நடந்தால்தான் பழகும். "விழுந்துடுவாங்க" என்று கட்டிலோடு வைத்துவிடுவது பாசத்தால் செய்யும் கெடுதல்.

ஒரு காதில் வாழ்வது எப்படி என்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. சாலையைக் கடக்கும்போது இது விளையாட்டு இல்லை. செத்த காதின் பக்கச் சத்தத்தை நல்ல காதுக்கு அனுப்பும் கிராஸ் கருவி, எலும்பு வழிக் கருவி என்று இருக்கின்றன, விலை கூடுதல். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் எந்த அறுவை, எந்தக் கருவி அடங்கும் என்று ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டு அலுவலரிடம் தேதி குறிப்பதற்கு முன்னாலேயே கேளுங்கள்.

## முழுசாக எடுப்பதா, கொஞ்சம் விடுவதா

"ஒரு துளிகூட விடாம எடுத்துடுங்க டாக்டர்" என்று கையெழுத்துப் போடும்போது சொல்லாதீர்கள். நூறு வருஷமாக நடக்கும் விவாதம் இது. அமெரிக்க நியூரோசர்ஜன் ஹார்வி குஷிங் 1917-இல் இந்தக் கட்டியைப் பற்றிய தன் நூலை வெளியிட்ட காலத்தில், உள்ளே குடைந்து தோலை விட்டுவருவதுதான் உயிரைக் காத்தது. அவரிடம் பயின்ற வால்டர் டேண்டி முழுசாக எடுத்துக் காட்டினார். மைக்ராஸ்கோப்பும் நரம்பைக் கண்காணிக்கும் கருவியும் வந்த பிறகு, கேள்வி உயிரிலிருந்து முகத்துக்கு நகர்ந்தது. கண்ணோரத்திலும் வாயோரத்திலும் ஊசி மின்முனை வைத்து, நரம்பு சீண்டப்படும்போதெல்லாம் கருவி ஒலி எழுப்பும். கட்டியின் கடைசித் தோல் நரம்போடு ஒட்டியிருந்து, உரித்தால் நரம்பு அறுந்துவிடும் என்று தெரிந்தால், அதை அங்கேயே விட்டுவிட்டு ஸ்கேனில் கவனிப்பதும், வளர்ந்தால் கதிர் கொடுப்பதும் இன்று மதிக்கப்படும் முடிவு. அந்த இடத்தில் கையை நிறுத்த உங்கள் சர்ஜனுக்கு உங்கள் சம்மதம் இருக்கட்டும்.

## கையைப் பற்றி

ஹவுஸ் தனியாக வேலை செய்யவில்லை. வில்லியம் ஹிட்செல்பர்கர் என்ற நியூரோசர்ஜனோடு சேர்ந்தே செய்தார். காது எலும்பை ஒருவர், மூளைப் பக்கத்தை ஒருவர். அந்த ஜோடி வேலை இன்று வரை தொடர்கிறது. காது வழியைப் பரிந்துரைக்கும் ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு ஜோடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத இடத்தில், பின்னால் திறந்து பழகிய கை அதே வழியில் போவதுதான் உங்களுக்கு நல்லது. இந்தக் கட்டியை வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், என் அளவுக் கட்டியில் ஒரு வருஷம் கழித்து எத்தனை பேருக்குக் கண் முழுசாக மூடியது, எந்தெந்த வழிகளில் உங்களுக்குப் பழக்கம் என்று கேளுங்கள். கேட்டதற்காகக் கோபப்படும் நல்ல சர்ஜனை நான் இதுவரை பார்க்கவில்லை. ஒரே வழி மட்டும் தெரிந்தவர் எல்லாக் கட்டிக்கும் அந்த வழியையே சொல்வார், அது மனித இயல்பு. அதனால் இரண்டாவது அபிப்பிராயத்தை வேறு வழி தெரிந்த குழுவிடம் வாங்குங்கள். ஃபிலிமை மட்டும் கொடுக்காமல் ஸ்கேன் சிடியையும், மூன்று மாதத்துக்குள் எடுத்த ஆடியோகிராமையும் கொண்டு போங்கள்.

அந்தத் தையற்கார அம்மாவிடம் வருகிறேன். 52 வயது, 2.6 சென்டிமீட்டர் கட்டி, மூளைத்தண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. எந்த டாக்டரும் கேட்காததை நான் கேட்டேன்: எது போனால் உங்களால் தாங்க முடியாது? "கண்ணு. ஊசியில நூல் கோக்கணும்ல" என்றார் யோசிக்காமலே. அதன் பிறகு மகன் அந்தக் கொஞ்சம் கேட்கும் காதைப் பற்றிப் பேசவில்லை. காது வழியாக, இருவர் சேர்ந்து செய்தார்கள். நரம்பின் மேல் மெல்லிய தோல் ஒன்றை விட்டு வந்தார்கள். முகம் நாலாம் நாள் கோணியது, ரெண்டு மாதம் டேப் ஒட்டித் தூங்கினார், பிறகு கண் மூடத் தொடங்கியது.

இப்போது கடையில் மிஷினைத் திருப்பிப் போட்டிருக்கிறார். முன்பு வாசலுக்கு இடது பக்கம் காட்டி உட்காருவார், இப்போது வலது காது வாசலைப் பார்க்கிறது.